ஒஷாவாவைத் தாண்டாத செபமாலை

பரலோகம் வரை கேட்கும் என்று சொல்லித் தொடங்கிய வானொலி பக்கத்து ஊரான ஒஷாவாவுக்கே கேட்கவில்லை. பெயர் மட்டும் ‘பரலோக நாதம்’. அதை நடத்துகிறவர் என் அக்கா கரோலினின் கணவர் சீமோன். எனக்கு அத்தான் முறை. அந்த முறைக்கு மரியாதை கொடுத்து முப்பது வருசமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி என்னால் முடியாது.

அத்தான் சுவாமியாராகப் படிக்க மன்னாரில் குருமடத்தில் இரண்டு வருசம் இருந்தவர். “ஆண்டவர் அழைச்சவர், குடும்பம் மறிச்சுப் போட்டுது” என்று காண்கிற எல்லோருக்கும் சொல்லுவார். அவரோடு படித்த றொய்சன் ஒருநாள் ரொறன்ரோவில் எங்கள் ஸ்காபரோ வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது உண்மை வெளிப்பட்டது. பூசையில் வாசகம் வாசிக்க விட்டால், பாதியில் நிறுத்திவிட்டு அத்தான் தானே பிரசங்கம் வைக்கத் தொடங்கிவிடுவாராம். மூன்றாவது தடவையும் அப்படிச் செய்தபோது அதிபர் சுவாமி கூப்பிட்டு, “தம்பி, நீர் போய்க் கலியாணம் கட்டும்” என்று பெட்டியைக் கட்டி அனுப்பினாராம். அந்தக் கலியாணம் வந்து என் அக்காவின் தலையில் விழுந்தது.

கனடாவுக்கு வந்தும் வாய் அடங்கவில்லை. உடுப்புத் தோய்க்கிற கடையில் அயன் பிடித்தார், பிறம்ரனில் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், பிறகு ஒரு பலமாடிக் கட்டடத்தில் செக்கியூரிட்டி. அந்த வேலை ஏன் போனது தெரியுமா? தீயணைப்புப் பயிற்சிக்கு எல்லோரையும் கீழே வரச்சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். ஒரு நிமிச அலுவல். இவர் அதோடு ஒரு வேதாகமச் சங்கீதத்தையும் சேர்த்து, நரக நெருப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். பதினாறாம் மாடியில் இருந்த ஒரு கிழவி மயங்கி விழுந்தாள்.

கடைசியாகக் கோவிலில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய அறிவித்தல் வாசிக்கிற வேலை கிடைத்தது. சம்பளம் இல்லை, ஆனால் மைக் இருந்தது. ஒரு தவக்கால ஞாயிறு, யாரோ ஒருவரின் முப்பத்தோராம் நாள் நினைவு அறிவித்தலை எடுத்து, செத்தவரின் பிறப்பிலிருந்து இறப்பு வரை பன்னிரண்டு நிமிசம் இழுத்தார். அவரை அத்தான் கண்ணாலும் கண்டதில்லை. சனம் நெளிந்தது, பிள்ளைகள் அழுதன. அடுத்த கிழமை சுவாமி, “சீமோன், இனி நதீஷா வாசிக்கட்டும்” என்றார். நதீஷா பத்தாம் வகுப்புப் பிள்ளை. அன்றைக்கு அத்தான் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சபதம் போட்டார்.

“இந்த ஸ்காபரோ முழுக்க என்ர குரல் கேக்கும். காருக்கை கேக்கும், குசினிக்கை கேக்கும். மைக்கைப் பறிச்சவையளும் கேப்பினம்.”

இதுதான் ‘பரலோக நாதம்’ பிறந்த கதை. ஆன்மா, இரட்சிப்பு எல்லாம் பிறகு விண்ணப்பப் படிவத்துக்காகச் சேர்த்தவை.

ரொறன்ரோவில் வெற்று அலைவரிசை எங்கே கிடக்கிறது? ரெக்ஸ்டேலில் இருந்த ஒரு பொறியியலாளர் கணக்குப் பார்த்து, விட்பி, ஒஷாவா எல்லாம் தாண்டி ஒன்றேகால் மணித்தியாலம் கிழக்கே போனால் ஹெம்ஸ்லி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அங்கே ஒரு இடைவெளி இருக்கிறது என்று சொன்னார். ஐம்பது வாற்ஸ், அவ்வளவுதான். குசினி விளக்குக்குப் போடுகிற பல்பே அதைவிடக் கூட. அத்தான் துள்ளிக் குதித்தார். “முதல்ல அங்க காலை ஊண்டுவம். பிறகு மெல்ல மெல்ல இங்கால இழுப்பம்.”

ஹெம்ஸ்லியில் ஒரு டோனட் கடை, ஒரு மாட்டுத் தீவனக் கடை, வெள்ளைக்காரருக்கு ஏற்கெனவே இரண்டு கோவில். தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ‘ஹெம்ஸ்லி மக்களின் தீராத ஆன்மீகத் தாகம்’ என்று ஒலிபரப்பு ஆணைக்குழுவுக்கு ஆங்கிலத்தில் பதினெட்டுப் பக்கம் விண்ணப்பம் போனது. அதை எழுதியவள் நான். ஏனென்றால் இந்தக் குடும்பத்தில் ரைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர் யூஜினி. அக்கா வீட்டு பேஸ்மென்றில் இருக்கிறேன். இருபத்து நாலு வருசம் ஒரு குடிவரவு வழக்கறிஞரின் கந்தோரில் வேலை. இந்த நகரத்துத் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேரின் அகதிக் கதை என் விரலுக்குள்ளால் போனது. ஒரு கதையில் ஒரு திகதி மாறினால், ஒரு ஊர்ப் பெயர் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால், வழக்கு அந்த இடத்திலேயே தோற்றது. அதைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் மேசையைத் தாண்டி ஒரு முரணும் போனதில்லை.

அனுமதி கிடைத்தது. உரிமத்தின்படி கலையகம் ஹெம்ஸ்லியில் இருக்க வேண்டும். ஆகவே மூடிக்கிடந்த ஒரு ஹாட்வெயார் கடையின் நிலக்கீழ் அறையை எடுத்தார். திங்கள் விடியப் போனால் வெள்ளி பின்னேரம்தான் வீட்டுக்கு வருவார். காலை ஐந்து மணிக்கு நேரடிச் செபமாலை. பதிவுசெய்து போட்டுவிட்டு வீட்டில் படுக்கலாமே என்று அக்கா கேட்டபோது, “பதிஞ்ச செபம் ஆண்டவருக்குப் பழஞ்சோறு” என்றார். இப்படிப் பதினொரு வருசம். மகன் மரியோ கல்கரிக்குப் போய்விட்டான். அக்கா கிழமையில் நாலு இரவும் தனியே சாப்பிட்டாள். நான் கீழே இருந்து கறியைக் கொண்டு மேலே போவேன். ஆனால் அவள் பக்கத்துக் கதிரையைப் பார்த்துத்தான் சாப்பிடுவாள்.

போன மார்கழியில் அவளுக்குச் சீனி இறங்கிக் குசினி நிலத்தில் விழுந்து கிடந்தாள். வேலையால் வந்த நான்தான் கண்டேன். வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி எழுப்பிவிட்டு அத்தானுக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. பிறகு பார்த்தால் அந்த நேரம் மனிசன் வானொலியில் நோயாளிகளுக்கான விசேட செபம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். எந்த நோயாளி? ஹெம்ஸ்லியில் யாருக்குத் தமிழ் விளங்கும்? எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

அக்கா கோபிக்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு கதைதான். “சிக்னல் இங்க வந்திட்டா அந்தாள் வீட்டில இருக்கும், யூஜி. ரெண்டு பேரும் ஒரு மேசையில இருந்து சாப்பிடலாம். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.”

அத்தானுக்கு சிக்னல் ஸ்காபரோவுக்கு வர வேண்டியது பெருமைக்கு. அக்காவுக்கு சிக்னல் ஸ்காபரோவுக்கு வர வேண்டியது புருசனுக்கு. இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிறகு நான் செய்ததைச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு கூத்து. பூசை முடிந்ததும் அக்காவைக் காரில் ஏற்றி ஹெம்ஸ்லி வரை கொண்டுபோய், அங்கிருந்து திரும்பி வரும்போது வானொலி எதுவரை கேட்கிறது என்று சோதிப்பார். அன்றைக்கு மட்டும் பாட்டுகளைக் கணினி போடும். அக்கா ரேடியோக் குமிழில் கையை வைத்தபடி இருப்பாள். ஒவ்வொரு முறையும் ஒஷாவாவுக்குக் கொஞ்சம் முன்னால், அப்பிள் விற்கிற பண்ணைக் கடையடியில், தேவமாதா பாட்டு இரையத் தொடங்கும். அதற்கு மேலே வேறொரு நிலையத்தின் ஆங்கில நாட்டுப்புறப் பாட்டுக்காரன் ஏறி நின்று கத்துவான். “இண்டைக்கு முகில், அதுதான்” என்பார் அத்தான். வெயில் எறிக்கும் நாளிலும் முகில்தான்.

இந்த வருசத் தொடக்கத்தில் இடம் மாற்றக் கேட்டு விண்ணப்பம் போட்டார். ஸ்காபரோவில் ஒரு உயர்ந்த கட்டடத்து மொட்டைமாடிக்கு அன்ரெனாவையும், ஒரு பிளாசாவில் சாரதிப் பயிற்சிக் கடைக்கு மேலே இருந்த அறைக்குக் கலையகத்தையும் மாற்ற வேண்டும். ரெக்ஸ்டேல் பொறியியலாளர் அழகாக வரைபடம் கீறித் தந்தார். அதில் தெளிவாக இருந்தது: இப்போதைய சிக்னல் ஒஷாவாவுக்கு முன்னால் முடிகிறது, ஸ்காபரோவில் ஒரு துளியும் இல்லை, அதனால் மாற்றம் அவசியம். நல்ல நியாயம். அதை அப்படியே விட்டிருந்தால் போதும்.

ஆனால் எங்கள் சனத்துக்கு ஆதரவுக் கடிதம் இல்லாமல் ஒரு அலுவல் நடக்குமா? அகதி வழக்குக் காலத்திலிருந்து பழகிய பழக்கம். ‘இவரைச் சிறுவயது தொட்டு அறிவேன், நல்லவர், வல்லவர்’ என்று முன்பின் தெரியாதவனுக்கும் எழுதிக் கொடுப்போம். உள்ளதை மட்டும் எழுதினால் அது ஆதரவே இல்லை என்று நினைப்போம். அத்தான் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

“நான் ஸ்காபரோவில வசிக்கிறன். ஒவ்வொரு நாளும் விடிய அஞ்சு மணிக்கு என்ர வீட்டு வானொலிப் பெட்டியில பரலோக நாதத்தைத் தெளிவாக் கேக்கிறன். போட்டீரே?”

என் விரல் நின்றது. ஒரே கோப்பில் பொறியியலாளர் கேட்காது என்கிறார், கடிதம் கேட்கிறது என்கிறது. கந்தோரில் ஒரு புது ஆள் இப்படி எழுதிக் கொண்டுவந்தால் கிழித்து அவன் கையிலேயே கொடுப்பேன்.

“அத்தான், ஃபோனில இன்ரநெற்றால கேக்கிறன் எண்டு போடலாமே?” என்று மட்டும் கேட்டேன்.

“ஃபோனில கேட்டா பிறகென்னத்துக்கு அலைவரிசை எண்டு கேப்பாங்கள். உமக்கு உதெல்லாம் விளங்காது. நீர் கந்தோரில ரைப் அடிக்கிற ஆள். சொன்னதை அடியும்.”

அடித்தேன். ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல் அடித்தேன். ‘இது அங்கே இடிக்கிறது அத்தான்’ என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. ‘ரைப் அடிக்கிற ஆள்தானே, பட்டுப் பார்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பிரின்ரரைத் தட்டினேன். அக்கா மேலே குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு நடந்த கையெழுத்து வேட்டை இருக்கிறதே, ஐயோ! பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் நின்றார். சாமத்தியச் சடங்கு மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றார். மலர்ச்சாலையில் பிரேதத்தைப் பார்க்க வந்த சனத்தையும் விடவில்லை. துக்கம் விசாரித்து முடித்தவனின் கையில் பேனையைக் கொடுத்தார். ஒருவரும் வாசிக்கவில்லை. சைவக் கோவில் நிர்வாகத்தில் இருக்கிற விநாயகமூர்த்தி அங்கிள், திருநீறும் சந்தனமுமாக வந்தவர், “எங்கட ஆக்களின்ர அலுவல்தானே, எங்க வைக்கிறது?” என்று கேட்டு, தான் தினமும் விடிய ஐந்து மணிக்குச் செபமாலை கேட்கிறதாகக் கையெழுத்து வைத்தார். கண்ணாடி எடுத்துவரவில்லையாம்.

மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பதினாறு கடிதம். நாலு பெட்டி. அத்தான் அவற்றுக்கு முன்னால் நின்று படம் எடுத்து முகநூலில் போட்டார்.

மூன்று மாதத்தில் ஆணைக்குழுவிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. மரியாதையான ஆங்கிலம், சுருக்கமான கேள்வி. ஸ்காபரோவில் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பேர் தங்கள் வீட்டுப் பெட்டியில் தினமும் தெளிவாகக் கேட்பதாகச் சொல்கிறார்கள்; உங்கள் பொறியியலாளர் அங்கே சிக்னல் இல்லவே இல்லை என்கிறார்; இதில் எதை நாங்கள் நம்புவது? கேட்கிறதென்றால் இடம் மாற்ற என்ன தேவை? கேட்கவில்லை என்றால் இந்தக் கடிதங்கள் என்ன?

அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தார். நேரம் எடுத்து யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“சிலருக்கு அருளினால கேக்கும் எண்டு போடும்.”

“அருளினாலயோ?”

“ஓம். விசுவாசம் உள்ளவைக்கு. அவங்களும் கிறீஸ்தவங்கள்தானே, விளங்கும்.”

அதையும் அடித்தேன். கை கூசவில்லை. இந்த மனிசனுக்காக என் அக்கா குசினியில் விழுந்து கிடந்தாள் என்று நினைத்துக்கொண்டு, ‘அருள்’ என்பதற்கு நல்ல ஆங்கிலச் சொல்லாகத் தேடிப் போட்டேன்.

இதற்கிடையில் ஹெம்ஸ்லியிலிருந்து ஆணைக்குழுவுக்கு ஒரே ஒரு கடிதம் போயிருந்தது; அதன் பிரதி எங்களுக்கும் வந்தது. எழுதியவர் கோல்வெல் என்று ஒரு பால்பண்ணைக்காரர். பென்சிலால் எழுதியது. தன் தொழுவத்தில் ஒரு பழைய ரேடியோ இருக்கிறதாம். விடிய ஐந்து மணிக்குப் பால் கறக்கிற நேரம் அந்த மனிதர் ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப ஏதோ சொல்கிறாராம். என்ன பாசை என்று தெரியாதாம். ஆனால் மாடுகள் அசையாமல் நிற்கின்றனவாம். அறுபத்திரண்டு மாடு. தயவுசெய்து அந்த மனிதரை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டிருந்தார்.

சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பதினொரு வருச ஊழியம், வாய் கிழியப் பிரசங்கம், கடைசியில் உண்மையான நேயர்கள் அறுபத்திரண்டு பசுமாடு! ஆயிரத்து நானூற்றுப் பதினாறு மனிதரில் ஒருவரும் பொய் சொல்லாமல் இல்லை. பொய் சொல்லத் தெரியாத சீவன்கள் மட்டும் கேட்டிருக்கின்றன.

தீர்ப்பு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. அத்தான் வாசல் கதவைத் திறந்து வரும்போதே கடிதத்தோடு வந்தார். அக்கா மூன்று கோப்பை வைத்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். இடமாற்றம் மறுக்கப்படுகிறது. ஆதரவுக் கடிதங்களை நம்ப முடியாது. உரிமம் இரண்டு வருசத்துக்கு மட்டும் நீடிக்கப்படுகிறது. அதுவும் ஒரு நிபந்தனையோடு: நிலையம் தனக்கு இருப்பதாக நிரூபிக்கப்பட்ட ஒரே நேயரின் ஊருக்கு ஒழுங்காகச் சேவை செய்ய வேண்டும், கிழமையில் ஆறு நாளும் ஹெம்ஸ்லியில் இருந்து நேரடியாக ஒலிபரப்ப வேண்டும்.

ஆறு நாள். இதுவரை நாலு இரவு, இனி ஐந்து.

அத்தானின் தோள் இறங்கிவிட்டது. அறுபத்து மூன்று வயது மனிசன், மேசை விரிப்பின் நூலைப் பிடுங்கிக்கொண்டு இருந்தார். எனக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. பிறகு வாயைத் திறந்தார், பாவம் போய்விட்டது.

“ஆண்டவரே மாட்டுத் தொழுவத்திலதானே பிறந்தவர். இதை நான் முதலே விளங்கியிருக்கோணும். அவர் என்னை அங்கதான் அனுப்பியிருக்கிறார்.”

ஸ்காபரோவுக்குக் கேட்க வேண்டும் என்று பதினொரு வருசம் துடித்த மனிசன், ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மாடுகளின் மேய்ப்பன் ஆகிவிட்டார். அடுத்த கிழமையே கால்நடைகளுக்கான விசேட ஆசீர்வாதம் என்று பத்து நிமிசம் கூட்டினார். கோல்வெல்லின் தொழுவத்துக்குப் போய் றப்பர் சப்பாத்தோடு படம் எடுத்தார். எந்த மாடு செபமாலையின் எந்தத் தேவரகசியத்துக்குத் தலையாட்டுகிறது என்று வீட்டுக்கு வந்து எங்களுக்கு விளக்கம் வேறு. வெட்கம் என்று ஒன்று சிலருக்குப் படைக்கப்படவே இல்லை. இதுவரை இந்தக் கதையில் எனக்கு நல்ல திருப்தி, மறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா கீழே என் அறைக்கு வந்தாள். அவள் முழங்கால் நோவோடு அந்தப் படி இறங்குகிறதே அருமை. என் கட்டிலில் இருந்தாள். கையில் அந்த ஆதரவுக் கடிதத்தின் பிரதி ஒன்று இருந்தது. பெட்டியில் மிஞ்சியதாக இருக்க வேண்டும்.

“நானும் ஹெம்ஸ்லிக்குப் போறன் யூஜி. அந்த நிலக்கீழ் அறைக்குப் பின்னால ஒரு சின்னக் குசினி இருக்காம்.”

“விசரே அக்கா உனக்கு? உன்ர டொக்டர் இங்க, மருந்து இங்க. அந்தாளோட மாட்டுக்கு நடுவில போய் என்ன செய்யப்போறாய்?”

அவள் கடிதத்தை என் மடியில் வைத்து, இரண்டாவது வசனத்தில் விரலை வைத்தாள்.

“நீ இதை ரைப் அடிக்கேக்கயே பிழையெண்டு கண்டனிதானே?”

இருபத்து நாலு வருசம் மற்றவர்களின் பொய்யைப் பிடித்தவள் நான். பொய் எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். 

“ஓம்” என்றேன்.

“முன்பின் தெரியாத சனத்தின்ர கேசிலகூட நீ உப்பிடி விடமாட்டாய்.”

“அந்தாள் உன்னை என்ன பாடு படுத்தினது? நீ விழுந்து கிடக்கேக்க எங்க நிண்டவர்? எனக்கு அந்தாளைக் கண்டாலே பத்திக்கொண்டு வருது அக்கா. அந்த விசரன் ஒருக்காப் பட்டுப் பாக்கட்டும் எண்டுதான் நான்...”

அக்கா சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்தாள் விசரன் எண்டு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியவேணுமே? அந்த விசரனைத்தானே நான் வீட்டில இருக்கட்டும் எண்டு கேட்டனான்.”

கட்டில் விளிம்பைப் பிடித்து எழும்பினாள். நான் தூக்கிவிடக் கையை நீட்டினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே படி ஏறிப் போனாள்.